கராத்தேயா, டேக்வாண்டோவா, சிலம்பமா? மூணு இடத்துலயும் போய் உக்காந்து பார்த்தேன்

வணக்கம் மக்களே! 34 வயசுல தற்காப்புக் கலை கத்துக்கப் போறேன்னு போன வீடியோல சொன்னேன்ல, கமெண்ட்ல முக்காவாசிப் பேரு கேட்டது ஒரே கேள்வி: எந்த கிளாஸ்ல சேர்றதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?

மதுரைல எங்க வீட்டுலருந்து வண்டில கால் மணி நேரத்துல போற மாதிரி மூணு இடம் இருந்துச்சு. மூணுலயும் ஒரு கிளாஸ் முழுசா உக்காந்து பார்த்துட்டுத்தான் பணம் கட்டுனேன். டெமோ கிளாஸ்னு கூப்பிட்டா அதுக்குப் போகாதீங்க, சாதாரண நாள்ல போங்க.

முதல்ல கராத்தே. ஒன்றரை வருஷத்துல பிளாக் பெல்ட் வாங்கிரலாம்னு எடுத்த எடுப்புலயே சொன்னாங்க. ஒவ்வொரு கலர் பெல்ட்டுக்கும் டெஸ்ட் ஃபீஸ் எவ்வளவுன்னு ஒரு அட்டையும் குடுத்தாங்க. ஒரு மணி நேரமும் கட்டா, அதாவது தனியா நின்னு வரிசையா செய்யுற அடவுகள் மட்டும்தான், எதுத்தாப்ல ஒரு ஆள் நின்னு நான் பார்க்கவே இல்ல. குமித்தே, அதாவது ஆளோட ஆள் மோதுற பயிற்சி எப்போன்னு கேட்டேன், அது போட்டிக்குப் போற பசங்களுக்குன்னுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. அதுக்காக கராத்தேயே அப்படித்தான்னு நினைச்சுறாதீங்க. கியோகுஷின் மாதிரி பாணில உடம்புல நிஜமாவே அடி விழும், முகத்துல கையால குத்த மட்டும் கூடாது. அதனால என்ன பாணி, குமித்தே வாரத்துல எத்தனை நாளுன்னு கேட்டுட்டு சேருங்க.

டேக்வாண்டோ கோச் ரொம்ப நல்ல மனுசன். பசங்க உதையப் பார்த்தா கண்ணெடுக்க முடியாது. ஆனா நிறையப் பேரு கைய கீழ தொங்கப் போட்டுத்தான் ஆடுறாங்க. ஏன்னு கேட்டப்போ அவரே விளக்குனாரு. உடம்புல உதைச்சா 2 பாயிண்ட், தலைல உதைச்சா 3, சுத்தி உதைச்சா அதுக்கு மேல இன்னும் 2. கையால குத்துனா 1தான், முகத்துல குத்தவே கூடாது. விளையாட்டோட விதி அப்படி. 2000த்துலருந்து ஒலிம்பிக்ஸ்ல பதக்க விளையாட்டு, பிள்ளைங்களுக்குப் போட்டி ஆசை இருந்தா தாராளமா சேர்த்து விடுங்க. நான் தேடுனது வேற.

சிலம்பம் கிளாஸ் ஒரு தென்னந்தோப்புல நடக்குது. நான் பார்க்கப் போன அன்னைக்கு ஒரு சின்னப் பையன் கம்பு, புதுசா வந்த அக்கா ஒருத்தங்க விரல்ல பட்டுருச்சு. ஆசான் மொத்த கிளாஸையும் நிறுத்துனாரு. அவங்க கையப் புடிச்சு ஒவ்வொரு விரலா மடக்கி நீட்டிப் பார்த்தாரு. அப்புறம் அந்தப் பையனக் கூப்பிட்டு, "கம்பு எங்க முடியுதுன்னு உன் கைக்குத் தெரியணும்ப்பா"ன்னாரு. திட்டல. அதே வீச்ச மெதுவா பத்து தடவ சுத்த வச்சாரு. அந்த அக்காவும் எந்திரிச்சு வந்து அவன் எதுக்க நின்னாங்க. நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

சேர்ந்த அன்னைக்கு மூங்கில் கம்ப என் பக்கத்துல நிறுத்தி, நெத்திப் பொட்டு வரைக்கும் அளந்து, அந்த இடத்துல கத்தியால ஒரு கீறல் போட்டு அறுத்துக் குடுத்தாரு. இதோ, இந்தக் கம்புதான். மூணு வாரமா காலடி, அதாவது கால் எடுத்து வைக்கிற முறை மட்டும்தான் போடுறேன், கம்பச் சுத்துறது தனியா கடைசி பத்து நிமிஷம். பாருங்க, கட்டை விரலுக்குக் கீழ தோலு உரிஞ்சு இப்பத்தான் காய்க்குது.

பெத்தவங்க நிறையப் பேரு சர்டிஃபிகேட் பத்திக் கேட்டிருந்தீங்க. தமிழ்நாடு அரசு வேலைல 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பமும் இருக்கு, உண்மைதான். ஆனா எந்த சர்டிஃபிகேட்டா இருந்தாலும் செல்லும்னு நம்பிறாதீங்க. எந்தச் சங்கம் குடுக்குது, எந்த மட்டத்துப் போட்டிக்குன்னு விசாரிச்சுட்டுப் பணம் கட்டுங்க.

நேத்து ஆசான் ரெண்டாவது காலடி காட்டிக் குடுத்தாரு. இடது கால் திரும்புற இடத்துல எனக்கு இன்னும் தடுமாறுது. நாளைக்கு அத வீடியோ எடுத்துக்கவான்னு கேட்டிருக்கேன், சரின்னுருக்காரு.