மழலையர் தட்டில் மஞ்சள்

தலைமையேற்றிருக்கும் பேரவைத் தலைவர் அவர்களே, மஞ்சள் வணிகர் சங்கப் பெரியோர்களே, உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்களே, பொன்னாடை போர்த்திய பின்னும் எழுந்து போகாமல் மேடையைச் சிறப்பிக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் கைக்குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய அம்மையார் அங்கன்வாடிப் பணியாளர்கள் சார்பில் வைத்த கோரிக்கைகளை அப்படியே வழிமொழிகிறேன்.

குழந்தைகளின் உணவில் கலக்கும் நச்சு உலோகங்களைப் பற்றி, தண்ணீர், பாத்திரம், மசாலா என்று மூன்று தலைப்புகளில் நான் பேசுவதாகத் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர காரீயம் என்னும் ஈயமோ ஆர்சனிக்கோ போகாது என்பதோடு முதல் தலைப்பை முடித்துக்கொள்கிறேன். ஈரோட்டு மண்ணில் நின்றுகொண்டு மஞ்சளைப் பேசாமல் இறங்க மனம் வரவில்லை.

வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளையாக இருந்தால் அது இன்னும் கூடும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்திற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பிள்ளைக்குத்தான் உரைகல்லில் மஞ்சளை உரைத்து நாக்கில் தடவுகிறோம். பருப்புச் சாதத்திலும் ஒரு சிட்டிகை சேர்க்கிறோம். விளைந்த மஞ்சளில் குற்றமில்லை. மெருகேற்றும்போது சிலர் சேர்க்கும் லெட் குரோமேட் என்னும், ஈயம் அடங்கிய மஞ்சள் சாயத்தில்தான் விஷம் இருக்கிறது. வெளுத்ததெல்லாம் பாலாகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வங்கதேசத்துக் கதையைக் கேளுங்கள். 1980களில் பெருவெள்ளத்தில் நனைந்த மஞ்சள் நிறம் மங்கிப்போனது. மங்கிய சரக்கை யார் வாங்குவார்? மெருகூட்டும் ஆலைகளில் ஒரு கை சாயத்தை அள்ளிப் போட்டார்கள். விரலி மஞ்சள் தகதகவென்று ஆனது. வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் இத்தனை இருக்கிறது என்று துருவிய ஆய்வாளர்கள், ஒவ்வொன்றாய்ச் சந்தேகப்பட்டு, கடைசியில் வந்து நின்ற இடம் அடுப்படி மஞ்சள் டப்பா! 2019இல் அரசு விழித்தது. சந்தை சந்தையாக எச்சரிக்கைச் சுவரொட்டி ஒட்டினார்கள். டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில், ஈயத்தை அந்த இடத்திலேயே காட்டும் எக்ஸ் கதிர்க் கைக்கருவியோடு போய்ச் சோதித்து, அபராதம் விதித்து, அதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் இருந்த ஈயக் கலப்படம், 2021இல் பூஜ்ஜியம். நம் வணிகர்கள் கைதட்டுவது எனக்கு மகிழ்ச்சி. கைதட்டலோடு நின்றுவிட வேண்டாம்.

ஏனென்றால் அதே 2019இல்தான் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காக்க வேண்டுமானால், நிறத்தைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் மாற வேண்டும். மீண்டும் சொல்கிறேன், வெளுத்ததெல்லாம் பாலாகாது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அதை அளந்து பார்க்கும் கருவி ஏலம் நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டாமா?

மணி அடித்துவிட்டார்கள், பாத்திரத்தைப் பற்றி மருத்துவர் ஐயா பேசுவார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அந்தக் கைக்கருவியை நிறுவவும், அங்கன்வாடிகளுக்கு வாங்கும் மஞ்சள் தூளுக்கு ஈயப் பரிசோதனைச் சான்றைக் கட்டாயமாக்கவும் கோரும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். வணிகர் சங்கத் தலைவர் வழிமொழிய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.