வெள்ளம், நிலநடுக்கம், லாரி: ஒரு பாலம் எதையெல்லாம் தாங்கணும்?

[திரையில்: ஊத்தங்கரை சாலையில் தண்ணீரோடு போகும் வண்டிகள்]

வணக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. காரும் வேனும் வெள்ளத்தில் உருண்டு போன அந்த வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். அதே வெள்ளத்தில்தான் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில், தென்பெண்ணை மேல் கட்டித் திறந்து சில மாதமே ஆன பாலம் அடித்துக்கொண்டு போனது. புதுப் பாலம் என்று ஆறு சலுகை தராது.

தண்ணீர் முட்டித் தள்ளித்தான் பாலம் சாய்கிறது என்று நினைப்போம். பெரும்பாலும் வேலை நடப்பது அடியில். தூணில் மோதும் நீரில் ஒரு பகுதி தூணை ஒட்டியே கீழே பாய்ந்து, சுழலாகி, மணலைத் தோண்டிக்கொண்டு போகும். முக்கியப் பாலங்களுக்கு 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தை எடுத்து, ஆற்று மணல் அரிப்பைக் கணக்கிடும் லேசி சூத்திரத்தில் சராசரி அரிப்பு ஆழம் கண்டுபிடித்து, தூண் பக்கத்தில் அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது, சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதி. அதற்குக் கீழேயும் அஸ்திவாரத்துக்குப் பிடிப்பு இருக்கணும்.

இதில் ஒரு வில்லங்கம். வெள்ளம் வடியும்போது அந்தக் குழியை ஆறே மணல் போட்டு மூடிவிடும். சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஆனால் அங்கே கிடப்பது பிடிப்பில்லாத மண்.

[அனிமேஷன்: மண் இறங்க இறங்க வெளியே தெரியும் பைல்கள், அதாவது தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய கம்பங்கள்]

இப்போது நிலம் ஆடினால்? நம்ம பக்கம் நிலநடுக்கமா என்று சிரிக்காதீங்க, ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் வேலூர், இரண்டுமே 2002 நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலம், அதாவது நடுத்தர ஆபத்துள்ள பகுதி. மண் போன பைல் நீளமான குச்சி மாதிரி மெதுவாக, அகலமாக ஆடும். விசை கொஞ்சம் குறையலாம், ஆனால் ஆட்டம் கூடுவதால் கர்டர், அதாவது தளத்தைச் சுமக்கும் நீள உத்திரம், தூணின் மேல் அது உட்காரும் தாங்குமுனையிலிருந்து நழுவப் பார்க்கும், பைல் வளைந்து உடையும் இடமும் யார் கண்ணுக்கும் தெரியாத ஆழத்துக்குப் போய்விடும். வெள்ளமும் நிலநடுக்கமும் ஒரே நாளில் வரணும் என்றே இல்லை, முதலாவது விட்டுப்போன குழி போதும்.

அதற்காக எல்லா ஆபத்தையும் முழு அளவில் கூட்டினால் பாலமே கட்ட முடியாது. அதனால் நிலநடுக்கக் கணக்கில் அரிப்பு ஆழத்தை 0.9 மடங்காகவும், வண்டிகளின் சுமையை 20 சதவீதமாகவும் எடுக்கிறார்கள்.

அப்புறம் எடை. மேல்தளம் கனமாக இருந்தால் தண்ணீர் எளிதில் தூக்காது, 2005 கத்ரீனா புயலில் அமெரிக்காவில் கடல் அலையே பல பாலங்களின் தளத்தைத் தூக்கி நகர்த்தியது. ஆனால் கனம் கூடினால் நிலநடுக்க விசையும் கூடும். எனக்குப் பிடித்த வழி, கனத்தை ஏற்றாமல் தூணின் தலையில் கர்டருக்கு இருபுறமும் கான்கிரீட் தடுப்புக் கட்டைகள் வைத்து, தாங்குமுனையையும் அகலமாக்குவது. சின்ன வேலைதான், இரண்டு ஆபத்துக்கும் உதவும்.

[திரையில்: தொப்பூர் கணவாய் இறக்கம்]

தொப்பூரில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைப் பற்றி தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேம்பாலத் தூணில் வண்டி மோதுவதற்கு, சாலையின் திசையில் சுமார் 100 டன் விசையைத் தனியாகச் சோதிக்கணும். தீ இன்னொன்று: 2017இல் அட்லாண்டாவில் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் குழாய்கள் எரிந்தே ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நம்ம மேம்பாலங்களுக்கு அடியில் என்னென்ன குவிந்து கிடக்கிறது என்று அடுத்த முறை போகும்போது ஒரு பார்வை பாருங்க.