தாராசுரம்னா அசுரன் ஊரா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "ஐயா, தாராசுரம்ங்கிற பேரு அசுரன் பேர்லேர்ந்து வந்ததுன்னு கைடு சொன்னார், உண்மையா? அங்க இருக்கிற தேர்ச் சக்கரம் ஒடிசாவில இருக்கிற கோனார்க் சூரியன் கோயிலைப் பார்த்துச் செஞ்சதா?"

முதல்ல பேரு. அசுரனெல்லாம் யாரும் இல்லைம்மா. கும்பகோணம் பக்கத்துல தாராசுரத்துல இருக்கிற ஐராவதேஸ்வரர் கோயிலைக் கட்டினவர் இரண்டாம் ராஜராஜ சோழன், 12-ம் நூற்றாண்டு. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டின ராஜராஜன் வேற, இவர் வேற. இவர் பேர்ல ஊருக்கு ராஜராஜபுரம்னு பேரு. அது ஜனங்க வாய்ல ராராபுரம், ராராசுரம்னு தேஞ்சு தாராசுரம் ஆயிடுச்சு. கடைசில 'சுரம்'னு நின்னதும் ஒரு அசுரனைப் பிடிச்சுக் கொண்டாந்துட்டாங்க, அவ்வளவுதான்.

ஆனா சுவாமி பேருக்குக் கதை உண்டு. துர்வாசர் சாபத்தால இந்திரனோட வெள்ளை யானை ஐராவதம் நிறம் மாறிப்போச்சு. இங்க வந்து பூஜை பண்ணித்தான் பழைய வெள்ளை திரும்பிச்சு. அதனால ஐராவதேஸ்வரர். எமதர்மனும் ஒரு ரிஷி சாபத்தால உடம்பெல்லாம் எரிச்சலோட அலைஞ்சு, இங்க குளத்துல முழுகித்தான் தீர்ந்ததாம். அதான் எம தீர்த்தம். இது தலபுராணம். இதுக்குக் கல்வெட்டு ஆதாரம் கேட்கக்கூடாது, அதே மாதிரி ஊர்ப் பேருக்குப் புராணத்தைக் கொண்டு வரவும் கூடாது.

இப்ப சக்கரம். கோனார்க் கட்டினது முதலாம் நரசிம்மதேவன், 13-ம் நூற்றாண்டு. அதாவது நம்ம கோயில் எழும்பி சுமார் நூறு வருஷம் கழிச்சு. பின்னால வந்ததைப் பார்த்து முன்னால எப்படிம்மா செய்ய முடியும்? இதைப் பார்த்து அவங்க செஞ்சாங்கன்னும் நான் சொல்லமாட்டேன், அதுக்கும் ஆதாரம் வேணுமில்ல. இங்க இருக்கிறது ராஜகம்பீரன் திருமண்டபம். மண்டபத்தையே தேரா நினைச்சு, பக்கத்துல சக்கரமும் பாயற குதிரையும் செதுக்கியிருக்காங்க.

எல்லாரும் அந்தச் சக்கரத்துகிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டு, நந்தி பக்கத்துல படியைத் தட்டினா ச ரி க ம வருமான்னு தேடுவாங்க. தட்டித் தட்டித் தேய்ச்சதுல இப்ப கம்பி வேலி போட்டாச்சு. தட்டாதீங்க, விட்டுடுங்க.

நீங்க குனிஞ்சு பார்க்க வேண்டியது கருவறையோட வெளிச்சுவர் அடியில. அறுபத்துமூவர் கதை, ஒவ்வொண்ணும் சின்னச் சின்னப் பலகைச் சிற்பம். மேல சோழர் கால எழுத்துல யாரு, என்ன நடக்குதுன்னு பேரும் வெட்டியிருக்கு. சேக்கிழார் பெரிய புராணம் பாடினது இந்த ராஜராஜனோட அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்துல. ஒரு தலைமுறைக்குள்ள பாட்டு கல்லுக்கு வந்துடுச்சு பாருங்க! அதுல சுந்தரர் கதை ஒண்ணு. அவிநாசியில முதலை விழுங்கின பிள்ளையைப் பாடி மீட்டாரே, அது. முதலை வாயைப் பிளந்துட்டு இருக்கு, பிள்ளை வெளிய வருது. அவ்வளவு சின்ன இடத்துல!

இன்னொண்ணு, காளையும் யானையும் ஒரே தலையோட இருக்கிற சிற்பம். ஒரு பக்கத்து உடம்பைக் கையால மறைச்சா யானை, மறுபக்கம் மறைச்சா காளை. குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனா முதல்ல இதைக் காட்டுங்க, அப்புறம் நகரவே மாட்டாங்க.

ஒரு துவாரபாலகர், அதாவது வாசல் காவலர் சிலை, மட்டும் இப்ப அங்க இல்ல, தஞ்சாவூர் கலைக்கூடத்துல இருக்கார். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியர் தலைநகரை அடிச்சுட்டுக் கொண்டு வந்த சிலை. பீடத்துல "கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்"னு வெட்டியிருக்கு. முகத்தைப் பாருங்க, சோழ முகமே இல்ல. தஞ்சாவூர் போனா அவரையும் பார்த்துட்டு வாங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.