அல்வா வரிசையும் ஐஐஎம் வரிசையும்: நெல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு கேட் விளக்கம்

[காட்சி: கீழ ரத வீதி, சாயங்காலம். நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் அல்வாவுக்கு நிற்கும் வரிசை. கேமரா வரிசையின் வாலிலிருந்து தலைக்கு மெதுவாக நகர்கிறது.]

வணக்கம். இந்த வரிசையில் நீங்களும் ஒரு நாள் நின்றிருப்பீர்கள். கையில் எவ்வளவு காசு இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், அல்வா தீர்வதற்குள் நம் முறை வருமா? இவ்வளவுதான் கணக்கு.

ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்பிஏ சேர எழுதுகிற கேட் (CAT) தேர்வில் பர்சென்டைல் என்று சொல்வதும் இதே கணக்குதான். 99 பர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். எழுதியவர்களில் 99 சதவீதம் பேர் உங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். 2024 கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பேர். அதில் 99 வாங்கினால் உங்களுக்கு முன்னால் கிட்டத்தட்ட 2,900 பேர். அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐஐஎம்களின் இரண்டு ஆண்டு எம்பிஏ படிப்பில் மூன்றையும் சேர்த்தால்கூட 2,000 இடம் வராது. 99 வாங்கிய பிள்ளையின் வீட்டில் ஏன் இன்னும் கவலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

[காட்சி: கரும்பலகை. மூன்று கட்டங்கள்.]

தேர்வு மொத்தம் 2 மணி நேரம், மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். முதலில் ஆங்கில வாசிப்பு, அடுத்து அட்டவணையும் புதிரும், கடைசியில் கணக்கு. ஒரு பகுதியின் நேரம் முடிந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. 2024-ல் 24, 22, 22 என்று 68 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் 1 குறையும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் அந்தக் கழிவு இல்லை.

ஆக மொத்தம் 204 மதிப்பெண். 99 பர்சென்டைல் வாங்க அதில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கிட்டத்தட்ட பாதி. சில ஆண்டுகளில் பாதிகூட வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் நான் விழுந்தேன். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: ஒரு கேள்வியையும் விடாதே, தெரியாவிட்டாலும் நாலு வரி எழுதி வை, வாத்தியார் பார்த்து ஏதாவது போடுவார். அந்தப் பழக்கத்தோடு போய் முதல் தடவை எல்லாக் கேள்வியையும் தொட்டேன். ஒரு புதிரோடு பதினெட்டு நிமிடம் மல்லுக்கட்டினேன். எட்டு பேர் வட்ட மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு எதிரே யார் என்கிற வகை. நம்ம ஊர் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைப்பதுகூட அதைவிடச் சுலபம். அடுத்த வருடம் கேட்டை வேறு மாதிரி எழுதினேன். புதிர்ப் பகுதியில் முதல் ஐந்து நிமிடம் பேனாவையே எடுக்கவில்லை. எல்லாப் புதிர்களையும் படித்து, எதை விடுவது என்று மட்டும் முடிவு செய்தேன். இரண்டோ மூன்றோ புதிரை முழுதாக முடித்தாலே அந்தப் பகுதியில் நல்ல இடம் கிடைக்கும். கணக்குப் பகுதி பெரும்பாலும் பத்தாம் வகுப்புக்கு அப்பால் போகாது: சதவீதம், விகிதம், வேகமும் தூரமும், கொஞ்சம் அல்ஜீப்ரா. வணிகவியல் படித்தவர்கள் பயந்து ஓட வேண்டியதில்லை. எந்தப் பட்டப்படிப்பாக இருந்தாலும் 50 சதவீதம் போதும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம்.

ஆங்கில வாசிப்புக்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் ஒரு நீளமான கட்டுரை, ஒரு வருடம். தமிழ் வழியில் படித்தவர்கள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்பது காதுக்குத்தான் முதலில் பிடிபடும்.

[காட்சி: ஒரு இ-சேவை மையத்தின் வாசல். கையில் பிளாஸ்டிக் கோப்போடு காத்திருக்கும் பிள்ளைகள்.]

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். கோச்சிங் சென்டரில் இதை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

ஐஐஎம்கள் மத்திய அரசின் இடஒதுக்கீட்டைப் பின்பற்றுகின்றன. எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி என்கிற இதர பிற்படுத்தப்பட்டோர் 27, பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப்பிரிவு 10 சதவீதம். மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம். நம் மாநிலத்தில் இருக்கும் பிசி, எம்பிசி பிரிவுகள் மத்திய அரசுக் கணக்கில் தனித்தனியாக இல்லை. இரண்டும் ஓபிசிக்குள் வரும், அதுவும் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருந்தால். பள்ளியில் சேரும்போது வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று தாசில்தார் தரும் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அது கிரீமி லேயர், ஓபிசி இடஒதுக்கீடு கிடைக்காது. விவசாய வருமானம் இந்தக் கணக்கில் சேராது. அம்பாசமுத்திரம் பக்கம் நெல்லும் வாழையும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். 'எங்களுக்கு வயல் இருக்கே, கிடைக்காது' என்று தாங்களாகவே முடிவு செய்து பொதுப்பிரிவில் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. பெற்றோர் அரசில் உயர்பதவியில் இருந்தால் விதி வேறு. அதைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வருமானம் ஆண்டுதோறும் மாறுவது என்பதால் பழைய சான்றிதழை நம்ப வேண்டாம். புதிதாக வாங்குங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். நல்ல பர்சென்டைல், கேட்டுக்குப் பிறகு ஐஐஎம் நடத்தும் நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. கையில் இருந்தது மாநிலப் படிவம். கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக அலைந்து வாங்குவதற்குள் தேதி கடந்துவிட்டது. ஒன்றரை வருட உழைப்பு ஒரு தாளில் நின்றுபோனது. விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடும். நவம்பர் கடைசி வாக்கில் ஒரு ஞாயிறன்று தேர்வு. சான்றிதழ் வேலையை ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 'எவ்வளவு டொனேஷன் கேட்பான்?' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஐஐஎம்களில் டொனேஷனும் இல்லை, மேனேஜ்மென்ட் கோட்டாவும் இல்லை. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

[காட்சி: 2023 டிசம்பர் வெள்ளத்தின் பழைய படங்கள். தாமிரபரணி.]

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. அந்த வாரமே, 21-ம் தேதி, கேட் முடிவு வந்தது. கரண்டும் சிக்னலும் இல்லாத இடங்களில் முடிவு பார்க்க முடியாமல் பிள்ளைகள் தவித்தார்கள். நேர்முகத்துக்குத் தயாராக என்னிடம் வந்த ஒருவனிடம் அந்த வெள்ளத்தைப் பற்றித்தான் கேட்டேன். பால், குடிநீர், மாத்திரை, இதில் எதை முதலில் எந்தத் தெருவுக்கு அனுப்புவாய்? அவன் அந்த வாரம் முழுக்க அதே வேலையைத்தான் செய்திருக்கிறான். ஆனால் நேர்முகத்தில் சொல்ல வேண்டிய விஷயம் அது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நம் பிள்ளைகள் விழுகிற இடம் இதுதான். ஆங்கிலம் தடுமாறினாலும் சமாளிக்கலாம். இரண்டு மூன்று பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து பதினைந்து, இருபது நிமிடம் பேசும்போது, தன் வீட்டையும் ஊரையும் பேசத் தகுதியில்லாத விஷயம் என்று ஒளித்துவிட்டு, இணையத்தில் பார்த்த நாலு வரியை ஒப்பிக்கிறார்கள்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, பி.காம். கடைசி ஆண்டு, பயிற்சிக்காக வந்தாள். இந்த ஆண்டுதான் கேட் எழுதப் போகிறாள். அம்மா என்ன செய்யுதாங்க என்று கேட்டேன்.

"ஹவுஸ் வைஃப்ணே."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பீடி சுற்றுவது வெளியே வந்தது. வந்த பிறகு அவள் நிறுத்தவில்லை. இலையும் தூளும் நூலும் எடை போட்டுத் தருவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை மோசமாக இருந்தால் கொடுத்த எடைக்கு ஆயிரம் தேறாது.

"தேறலைன்னா?"

"கடையில எலை வாங்கிப் போட்டு ஆயிரத்தை முடிச்சுக் குடுக்கணும்."

"அப்ப எலை மோசமானா நஷ்டம் யாருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "எங்கம்மாவுக்கு."

மூலப்பொருளின் தரக்குறைவை முதலாளி எப்படித் தொழிலாளி தலையில் இறக்குகிறார் என்று ஒரு பாடமே நடத்திவிட்டாள். அடுத்து நான் கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. பீடி உடம்புக்குக் கெடுதல், அந்தத் தொழிலை மூடலாமா? உங்க அம்மாவுக்கு வேறு என்ன வேலை? நிஜமான நேர்முகத்திலும் இப்படித்தான் கேட்பார்கள். சரியான விடை என்று ஒன்று கிடையாது. யோசித்திருக்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள்.

[காட்சி: தூத்துக்குடித் துறைமுகம். பிறகு தாழையூத்து சிமெண்ட் ஆலை.]

நம் பக்கத்தில் பேசுவதற்கா பஞ்சம்? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர் எட்டணாவுக்கு இறங்கினார். அவர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளிய பிறகு கம்பெனி நிலைக்கவில்லை. போட்டியாளரை ஒழிக்க நஷ்டத்துக்கு விற்பதற்கு வணிகப் படிப்பில் பிரிடேட்டரி ப்ரைஸிங் என்று பெயர். இன்று செல்போன் டேட்டா கட்டணப் போட்டியைப் பேசும் பையன் இதையும் சேர்த்துச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று, தாழையூத்து சங்கர்நகர். இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949-ல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் என்ற இன்னொரு சிமெண்ட் கம்பெனி கைக்குப் போனது. திருநெல்வேலியிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு இதைத் தெரியாமல் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் சங்கடம்தான்.

கட்டணம்: பெரிய ஐஐஎம்களில் இரண்டு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். கேட்டவுடன் வீட்டில் பேச்சு நின்றுவிடும். இந்த நிறுவனங்களில் படிக்க வங்கிகள் சொத்து ஈடு இல்லாமல் கல்விக்கடன் தருகின்றன, வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பிரிவான எஃப்எம்எஸ்ஸும் கேட் மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறது, கட்டணம் ஐஐஎம் கட்டணத்தில் மிகச் சிறிய பங்கு. ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரிக்கு ஜனவரியில் எக்ஸாட் என்று தனித் தேர்வு. தமிழ்நாட்டுக்குள்ளேயே அரசுக் கட்டணத்தில் படிக்க டான்செட் என்ற மாநில நுழைவுத் தேர்வு இருக்கிறது.

[காட்சி: முக்கூடல். ஒரு வீட்டுத் திண்ணை. மடியில் தட்டோடு ஒரு பெண், முகம் தெரியவில்லை, கைகள் மட்டும்.]

இந்த வீடியோவுக்காக அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா கை நிற்காமல் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அங்க ஆஸ்டல் இருக்கா அண்ணாச்சி? பொம்பளப் பிள்ளைய எப்படித் தனியா விட?"

எல்லாருமே வளாகத்துக்குள் தங்கித்தான் படிக்க வேண்டும் என்று சொன்னேன். 2011-ல் தொடங்கிய திருச்சி ஐஐஎம் கிடைத்தால் காலையில் பஸ் ஏறி மத்தியானம் மகளைப் பார்த்துவிடலாம் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. அப்புறம் அந்த ஓபிசி தாளைப் பற்றி விளக்கினேன். எங்கே போக வேண்டும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"அப்பம் திங்கக்கெழம போயிருவோம்ளா."