பாம்பு பாத்திரம் கழுவிய கனவு: ‘எனக்கு வராது’ எங்கிருந்து வருகிறது?

(காட்சி: கிண்டி பாம்புப் பண்ணை வாசல். நான் வெளியே நிற்கிறேன்.)

வணக்கம் மக்களே. அமெரிக்காவில் ஒரு பெண்மணி. பாம்பு என்றாலே அவருக்கு உயிர் போய்விடும். தூக்கத்தில்கூட நிம்மதி இல்லை, கனவிலும் பாம்புதான். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் வேறு மாதிரி கனவு வந்தது. ஒரு பெரிய பாம்பு அவரோடு சிநேகமாகி, பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவிக் கொடுத்ததாம். பல வீடுகளில் புருஷனே செய்யாத வேலை!

அந்தக் கனவுக்கும், ‘எனக்குக் கணக்கு வராது’, ‘எனக்கு மேடையில் பேச வராது’ என்று நீங்களும் நானும் சொல்லிக்கொண்டு திரிவதற்கும் தொடர்பு இருக்கிறது. நான் ஏன் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறேன் என்பதற்கும்தான். கடைசியில் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

முதலில் இந்த ‘வராது’. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குக் கணக்கு வராது.’ இதில் எழுவாய் யார்? நான் இல்லை, கணக்கு! ஏதோ பெரம்பூரில் கிளம்பி வரவேண்டிய 29சி மாதிரி. நான் ஒழுங்காக ஸ்டாப்பில்தான் நிற்கிறேன், அது வரமாட்டேன் என்கிறது, என்மேல் என்ன தப்பு?

அடுத்தது காலம். ‘வரவில்லை’ என்றால் இதுவரை வரவில்லை, அவ்வளவுதான். ‘வராது’ என்றால் வழக்கமாகவும் வராது, இனிமேலும் வராது. ஒரே சொல்லில் நாளைக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டாயிற்று.

அப்புறம் மூன்றாவது, இதுதான் விஷமம். தமிழில் எந்த வினையையும் ஆளாக்கிவிடலாம். கணக்கு வராதவன். பேசத் தெரியாதவள். எதற்கும் லாயக்கில்லாதவன். ஆறாம் வகுப்பில், ஒரு பரீட்சையில் நடந்த ஒரு சம்பவம், வாலில் ஓர் ‘அவன்’ ஒட்டியதும் ஆளுக்கே பெயராகிவிடுகிறது. பெயர் வைத்தாயிற்று என்றால் பையன் அதைக் காப்பாற்ற ஆரம்பிப்பான். டியூஷனில் கடைசி பெஞ்ச். சந்தேகம் கேட்க மாட்டான். மார்க் குறையும். உடனே, ‘பார், அன்றைக்கே சொன்னேனே!’ தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயார் செய்துகொள்ளும் வழக்கு இது.

இதே சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலைக்குச் சேர்ந்தவர் ராமானுஜன். அந்தக் காலக் கல்லூரி முதல் கட்டப் படிப்பான எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தான் ஒரு கிளார்க், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று மறைக்காமல் சொல்கிறார். ஆனால் அங்கேயே நிற்கவில்லை, தனக்கென்று ஒரு புதுப் பாதை போட்டுக்கொண்டிருப்பதாகவும் எழுதுகிறார். தேறாததைச் சொன்னார், தேறாதவன் என்று கையெழுத்துப் போடவில்லை.

சரி, ஆராய்ச்சிப் பின்னணி, வேகமாக. கரோல் டுவெக் என்ற உளவியலாளரும் கிளாடியா மியூல்லரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு: ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், கஷ்டமான புதிர் வந்ததும் துவண்டார்கள். ‘நன்றாக முயற்சி செய்தாய்’ என்று கேட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இதற்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. பெரும்பாலானவை சொல்லாதது இதுதான்: 2019-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, ‘மூளைத்திறன் வளரக்கூடியது’ என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடம் நடத்தினார்கள். மார்க் குறைவாக எடுப்பவர்களுக்குப் பலன் இருந்தது. எவ்வளவு? அங்கே மார்க்கைக் கணக்கிடும் நான்கு புள்ளி அளவுகோலில் 0.1. பொய்யில்லை, ஆனால் மந்திரமும் இல்லை.

கண்ணாடி முன் நின்று ‘நான் சிங்கம்’ என்று கத்தச் சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2009-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களை ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சொல்லாதவர்களைவிட அவர்கள் மனம் சோர்ந்துதான் போனது. உள்ளே உட்கார்ந்திருக்கும் வக்கீல் சும்மா இருப்பாரா? ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கிறார்.

(காட்சி: பாம்பின் படம். நான் திரையைப் பார்க்கவில்லை.)

ஆதாரம்! இங்கேதான் ஆல்பர்ட் பண்டூரா வருகிறார், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர். 1969-ல் வெளியான ஆய்வில், பாம்புப் பயம் உள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாம்பைக் கையாளும் படம் காட்டினார்கள். இன்னொரு குழுவை உடம்பைத் தளர்த்திக்கொண்டு பாம்பைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். மூன்றாவது குழு நேரடிக் களம். முதலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் ஒருவர் பாம்பைக் கையில் எடுப்பதைப் பார்க்க வேண்டும். அப்புறம் அதே அறைக்குள். அப்புறம் கையுறை போட்டு ஒரு தொடல். அப்புறம் வெறுங்கை. கடைசியில் பாம்பு மடியில்! சும்மா அல்ல, அது பாட்டுக்கு ஊர்ந்து போகும்.

அந்தக் குழுவில் 92 சதவீதம் பேருக்குப் பயம் போயிற்று. வெறும் படம் பார்த்தவர்களும் கற்பனை செய்தவர்களும் அந்த அளவுக்கு வரவில்லை. பண்டூரா பின்னாளில் போவா வகைப் பாம்பை வைத்தும் இதைச் செய்தார். ஆரம்பத்தில் சொன்ன பெண்மணி இந்தச் சிகிச்சைக்கு வந்தவர், அவர் கனவில் பாத்திரம் கழுவியது அந்தப் போவாதான். நம்மூர் மலைப்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். யாரும் அந்தப் பெண்மணியிடம் ‘நீ தைரியசாலி’ என்று போதிக்கவில்லை. கை முதலில் தொட்டது. ‘நான் யார்’ என்ற பேச்சு அதன் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. இதைத்தான் 1977-ல் அவர் விரிவாக எழுதினார்: ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்துக்கு மிக வலுவான தீனி, செய்து முடித்த அனுபவம்.

(அவசர அறிவிப்பு: வீட்டுக்குள் பாம்பு வந்தால் இதை முயற்சி செய்யாதீர்கள். வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ போன் போடுங்கள்.)

இதை இன்னொரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் சமூகத்துப் பாம்பு பிடிப்பவர்கள் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நாம் என்ன சொன்னோம்? ‘அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது.’ சின்ன வயதிலிருந்து பெரியவர்கள் பின்னால் காடு மேடு நடந்து, தடம் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை முழுவதையும் ஒரே வார்த்தையில் பறித்துவிட்டோம். நமக்கு ‘வராது’, அவர்களுக்கு ‘தானாக வரும்’. இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்.

எல்லாமே மனதில்தான் இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஃபீஸ் கட்டப் பணம் இல்லாத வீட்டில் போய் ‘எண்ணத்தை மாற்று’ என்று சொல்பவரை நானே துரத்துவேன்.

இனி என் கதை. ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில் இங்கே வந்து, ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் அலறி வெளியே ஓடினேன். ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பெயர் பத்தாம் வகுப்புவரை கூடவே வந்தது. இப்போது வீடு வேளச்சேரியில், மழைக்காலம் வந்தால் என் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பண்டூரா சொன்னபடி படிப்படியாக ஆரம்பித்தேன். போன மாதம் எதிர்ப்பக்கம் நின்று டீ குடித்தேன். அதற்கு அடுத்த வாரம் டிக்கெட் கவுன்டர் வரைக்கும் போனேன். இன்றைக்கு டிக்கெட்டே வாங்கிவிட்டேன், பாருங்கள், கையில் இருக்கிறது. கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கிறது.

உங்கள் ‘வராது’ எது என்று கமெண்டில் போடுங்கள். முடிந்தால் ‘இன்னும் வரவில்லை’ என்றே எழுதுங்கள். கேமராமேன் தம்பி, நீ முன்னால் போப்பா. இல்லை இல்லை, ரொம்ப முன்னால் வேண்டாம்.