ஒரே கப்பலில் பந்தி வஞ்சனை

அவையில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

சொகுசுக் கப்பலில் அதிகப் பணம் கொடுத்து அறை எடுத்தவருக்குக் கவனிப்பும் அதிகமாக இருக்க வேண்டுமா? இதுதான் எனக்குக் கொடுத்த கேள்வி. தலைப்பைச் சொன்னதுமே நண்பர் ஒருவர், "இதில் பேச என்ன இருக்கிறது? பணத்துக்கேற்ற பணியாரம்" என்று முடித்துவிட்டார். இன்னொருவர், "ஒரே கப்பலில் ஏறியவர்களுக்குள் ஏற்றத்தாழ்வா?" என்று கொதித்தார். இரண்டு பேருமே கப்பலில் போனதில்லை. நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அதுவும் ஜன்னல் இல்லாத உள்ளறையில். அந்தத் தகுதியோடுதான் பேசுகிறேன்.

மூன்றாம் நாள் இரவு, என் கட்டிலுக்கு மேலே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. போன் செய்தேன். "ஆள் வருகிறார்" என்றார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. குப்பைக் கூடையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கால்மாட்டில் தலை வைத்துப் படுத்திருந்தேன். வந்தவர் நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கருவியைக் காட்டி உள்ளதைச் சொன்னார்: "மேல்தளத்தில் இருக்கிற 'சூட்' என்ற பெரிய சொகுசு அறையிலிருந்து அழைப்பு வந்தால், அது உங்கள் அழைப்புக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும் சார்." மேலே என்ன கோளாறு என்று கேட்டேன். டிவி ரிமோட் வேலை செய்யவில்லையாம்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் எதன் மேல் கோபம் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மேலே இருப்பவருக்குப் பால்கனி இருக்கிறது, என் அறையைப் போல ஐந்து மடங்கு இடம் இருக்கிறது, குளியல் தொட்டியிலிருந்து கடல் தெரிகிறது. இதில் எதுவும் என்னை உறுத்தவில்லை. அவர் காசு, அவர் பால்கனி. அவருடைய ரிமோட் என்னுடைய இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டதே, அதுதான் உறுத்தியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போவோம். அதிகம் போக மாட்டேன், பயப்படாதீர்கள்.

கடல் பயணத்தில் வகுப்புப் பிரிவு புதிதல்ல. டைட்டானிக் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1912இல் அது மூழ்கியபோது முதல் வகுப்புப் பயணிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு 25 பேர் அளவில்தான். ஏழைகளைச் சாகவிடுங்கள் என்று யாரும் உத்தரவு போடவில்லை. படகுகள் மேல்தளத்தில் இருந்தன, முதல் வகுப்பு அறைகளும் அதற்குப் பக்கத்தில் இருந்தன. மூன்றாம் வகுப்புக்காரர் வழி கண்டுபிடித்து மேலே வருவதற்குள் படகுகள் போய்விட்டன. கப்பலில் 2,200 பேர் அளவில் இருந்தார்கள், படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்குத்தான். பாரபட்சம் யார் மனதிலும் இருக்க வேண்டியதில்லை, கப்பலின் வரைபடத்தில் இருந்தால் போதும். அந்த விபத்துக்குப் பிறகுதான் 1914இல் முதல் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை எழுதப்பட்டது. கப்பலில் எத்தனை உயிரோ அத்தனைக்கும் படகில் இடம் என்பது அதில் வந்தது.

1920களில் அமெரிக்கா குடியேறிகளின் வரவைச் சட்டம் போட்டுக் குறைத்தது. கீழ்த்தளங்கள் காலியாகக் கிடந்தன. கப்பல்காரர்கள் என்ன செய்தார்கள்? அதே இடத்தைக் கழுவித் துடைத்து, "சுற்றுலா மூன்றாம் வகுப்பு" என்று பெயர் மாற்றி, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்றார்கள். விற்பனையும் நன்றாகவே நடந்தது. பெயர்ப் பலகைக்கு அவ்வளவு சக்தி!

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. ஊர் போய்ச் சேரக் கப்பல் தேவையில்லை என்று ஆயிற்று. அப்புறம் ஊர் போய்ச் சேராத கப்பல் வந்தது. 1966இல் மயாமியிலிருந்து சன்வர்ட் என்ற கப்பல் உல்லாசப் பயணம் கிளம்பியதைத்தான் இன்றைய சொகுசுக் கப்பல் தொழிலின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். இந்தப் புதுத் தொழிலில் வகுப்புச் சுவர் பெரும்பாலும் விழுந்தது. அறை மாறலாம், விலை மாறலாம். அறைக் கதவுக்கு வெளியே வந்துவிட்டால் எல்லோருக்கும் அதே உணவுக் கூடம், அதே நீச்சல் குளம், அதே நாற்காலி.

விழுந்த சுவர் மெதுவாக மறுபடி எழும்பிவிட்டது. 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2இல் நீங்கள் எடுக்கும் அறைதான் நீங்கள் சாப்பிடும் உணவகத்தை முடிவு செய்கிறது. 2008இல் எம்எஸ்சி நிறுவனம் தன் ஃபான்டாசியா கப்பலில் 'யாட் கிளப்' என்று ஒரு தனிப் பகுதி கொண்டுவந்தது: தனி லவுஞ்ச், தனிக் குளம், பட்லர் என்ற தனிப் பணியாள், அட்டை இருந்தால்தான் திறக்கும் கதவு. நார்வீஜியன் நிறுவனத்துக்கு 'ஹேவன்'. ராயல் கரீபியன், சூட் பயணிகளையே மூன்றாகப் பிரித்து, உச்சியில் இருப்பவர்களுக்கு 'ராயல் ஜீனி' என்று ஒரு பணியாளரைக் கொடுத்தது. ஜீனி என்றால் அலாவுதீன் கதையில் வரும் பூதம்; இங்கே விளக்கைத் தேய்க்க வேண்டியதுகூட இல்லை. 2024இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் மூன்று மாடி வீடு மாதிரி ஒரு சூட் இருக்கிறது, உள்ளேயே சறுக்குமரம். யாட் கிளப், ஹேவன் போன்ற தனிப் பகுதிகளைக் கப்பலுக்குள் ஒரு கப்பல் என்று விளம்பரப்படுத்துகிறார்கள்.

சரி, இது தப்பா? தப்பு என்று ஒரே அடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், என் சொந்த டிக்கெட். அந்த சூட்காரர் கொடுத்த பணத்தில்தான் கப்பலின் கணக்கில் நல்ல பங்கு ஓடுகிறது. அவர் இல்லாவிட்டால் என் உள்ளறை அந்த விலைக்குக் கிடைத்திருக்காது. அவர் உதவியில்தான் நான் கடல் பார்த்தேன். அதாவது, ஜன்னல் இல்லாததால், மேல்தளத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன்.

அப்படியானால் எங்கே கோடு போடுவது? இங்கேதான் எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் உதவிக்கு வருகிறார். ஜூல் துப்புயி என்று பெயர், பொறியாளர், பொருளாதாரம் எழுதியவர். 1849இல் அவர் ரயிலைப் பற்றி ஒன்று எழுதினார். அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது, வெறும் மரப் பலகைதான். கூரை போட ரயில் கம்பெனியிடம் காசில்லையா என்றால், அது காரணமே இல்லை என்கிறார். கூரை போட்டுவிட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார். அவரைத் தடுக்கத்தான் ஏழையை மழையில் நனைய விடுகிறார்கள். ஏழை மேல் கோபமில்லை. அடி அவருக்கு, மிரட்டல் பணக்காரருக்கு.

இதைப் படித்த அன்று எனக்கு என் ஏசி ஞாபகம்தான் வந்தது. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்து மேலான சேவை என்பது ஒரு வகை. மற்றவரிடம் இருந்ததை எடுத்துவிட்டு, எடுக்கப்படாதவரைப் பார்த்து "உங்களுக்கு மேலான சேவை" என்பது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

உதாரணம் சொல்கிறேன். சொகுசுக் கப்பல்களில் அறைப் பணியாளர் காலையும் மாலையும் வந்து சுத்தம் செய்வார். மாலையில் படுக்கையை மடித்துவிட்டு, துண்டில் யானையோ குரங்கோ செய்து வைத்துவிட்டுப் போவார். இது எல்லா அறைக்கும் இருந்த வழக்கம். சமீப ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் சில இதை நாளுக்கு ஒரு முறை என்று குறைத்துவிட்டன. சூட்டுக்கு மட்டும் பழையபடி இரண்டு முறை என்று வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சூட்காரருக்கு இதில் புதிதாக என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. ஆனால் நேற்றுவரை எல்லோருக்கும் உரியதாக இருந்தது, இன்றைக்கு அவருடைய சலுகைப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. துப்புயியின் கூரை, துண்டு யானை வடிவத்தில்.

இதற்குப் பழைய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டு, ஆள் பார்த்துப் பரிமாறுவது. வேறு பந்தியில் வேறு விருந்து என்றால் அதை யாரும் வஞ்சனை என்று சொல்வதில்லை. வரிசை ஒன்று, வாளி ஒன்று, கரண்டி மட்டும் முகம் பார்த்து நிரம்புகிறது என்றால்தான் அந்தப் பெயர்.

சேவை என்கிறோமே, அது எதனால் ஆனது? பால்கனி இரும்பால் ஆனது, கூடக் காசு கொடுத்தால் கூட இரும்பு போடலாம். சேவை ஒரு மனிதருடைய நேரத்தால் ஆனது. அதற்கு அளவு உண்டு. 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளரின் வேலைக்கு வைத்த உச்சவரம்பைக் கேளுங்கள்: 24 மணி நேரத்தில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம். இல்லையென்றால் ஓய்வைக் கணக்கிட்டு, நாளுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வு. உச்சவரம்பே இது! நடைமுறையில் பெரும்பாலும் வார விடுமுறை இல்லாமல் பல மாத ஒப்பந்தம். இப்படி ஏற்கெனவே நிரம்பி வழிகிற ஒருவரிடம், மேல்தளத்தில் நாலு சூட்டைக் கூடுதலாகக் கவனி என்றால், அந்த நேரம் எங்கிருந்து வரும்? கீழ்த்தளத்து அறையிலிருந்து வரும், அல்லது அவருடைய தூக்கத்திலிருந்து வரும்.

ஆகவே என் கட்சி இதுதான். சூட்டுக்குத் தனி ஆள் வையுங்கள், அந்தச் சம்பளத்தை சூட்டின் விலையிலேயே வாங்குங்கள். பட்லர் வேண்டுமா, பட்லரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தனி உணவகம் வேண்டுமா, தனிச் சமையல்காரரோடு வையுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஆளின் நேரத்தை உருவி மேலே அனுப்புவதற்குத்தான் ஆட்சேபணை. பல நிறுவனங்கள் நாள்தோறும் பணியாளர் டிப்ஸ் என்று ஒரு தொகையைத் தாமாகவே பில்லில் ஏற்றுகின்றன. சூட்காரருக்கு அது சில டாலர்கள் அதிகம். அது நியாயமே. ஆனால் அந்தச் சில டாலர்கள் இன்னோர் ஆளை வேலைக்கு வைக்கப் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விலைப் பட்டியலே நுழையக் கூடாத இடமும் உண்டு. உயிர்காப்புப் படகு ஒன்று. 2012இல் கோஸ்டா கான்கோர்டியா என்ற சொகுசுக் கப்பல் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில், அன்று ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ எல்லோரும் அந்தப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது விதி. சூட்காரருக்கு விலக்கு இல்லை. அதேபோல மருத்துவம், குடிநீர், ஏசி, கழிப்பறை. இதில் எல்லாம் வரிசை என்பது அழைத்த நேரத்தை வைத்தோ அவசரத்தை வைத்தோ இருக்க வேண்டும்.

சுவர் எவ்வளவு பேசும் என்பதற்கு 2020 பிப்ரவரியைப் பாருங்கள். யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் 3,711 பேரோடு நின்றது. 712 பேருக்குக் கொரோனா வந்தது. பால்கனி அறைக்காரர்கள் கதவைத் திறந்து காற்று வாங்கினார்கள். ஜன்னல் இல்லாத அறைக்காரர்களை முறைவைத்துக் கொஞ்ச நேரம் மேல்தளத்துக்கு அழைத்துப் போனார்கள். பணியாளர்கள் பகிர்ந்து தங்கும் சிறிய அறைகளிலிருந்து கிளம்பி, எல்லோருக்கும் சாப்பாடு கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்கள். அறை வகுப்பு பற்றிப் பேசும்போது பயணிகளுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறோம். கடைசி வகுப்பு கப்பலின் அடித்தளத்தில் இருக்கிறது. அதற்கு டிக்கெட் விற்பதில்லை.

இன்னொன்று. 2016இல் விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. முதல் வகுப்பு உள்ள விமானங்களில், சாதாரண வகுப்பில் சண்டை சச்சரவு அதிகம் என்று சொன்னது. முதல் வகுப்பைத் தாண்டி நடந்துபோய் உட்கார வைத்தால் இன்னும் அதிகமாம். அதன் புள்ளிவிவரக் கணக்கைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, அதனால் இதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. லிஃப்டை நிறுத்தி வைத்து, நாற்பது பேரைக் காக்க வைத்து, ஒருவரை முதலில் ஏற்றி அனுப்பும்போது அந்த நாற்பது முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒருவருடைய முகத்தையும் பார்த்தேன். அவருக்கும் அது சுகமாக இருந்ததாகத் தெரியவில்லை.

பின்வரிசையில் அம்மா ஒருவர் கை தூக்குகிறார்கள். சொல்லுங்கள்மா.

"காசு இருந்தால் நீங்கள் எந்த அறை எடுப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

பால்கனி அறைதான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். காசு இன்னும் இருந்தால் சூட்டே எடுப்பேன். பட்லர் வேண்டாம், என் சட்டையை இன்னொருவர் மடித்து வைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்போது ரிமோட் கெட்டால் என்ன செய்வீர்கள் என்றுதானே அடுத்த கேள்வி? போன் செய்வேன். இவ்வளவு கொடுத்திருக்கிறேனே, இன்னும் ஆளைக் காணோமே என்று பத்து நிமிடத்தில் மறுபடியும் போன் செய்வேன். அதனால்தான் அந்த வரிசையை என்னைப் போன்றவர்கள் கையில் கொடுக்க வேண்டாம் என்கிறேன். கீழே எவனோ ஒருவன் கால்மாட்டில் தலை வைத்துப் படுத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கருவிக்குத்தான் தெரியும்.