மசாஜுக்கும் மசாஜுக்கும் நடுவுல நான் வீட்ல பண்றது

ஹாய் எல்லாருக்கும், இன்னைக்கு கேமரா கொஞ்சம் கோணலாதான் தெரியும், ஏன்னா நான் செவுத்துல சாஞ்சுக்கிட்டே பேசப்போறேன்.

மசாஜுக்கு நான் மாசத்துக்கு ஒரு தடவதான் போறேன், அதுக்கு மேல பர்ஸ் தாங்காது. போயிட்டு வந்தா நாலு நாள் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், அஞ்சாவது நாள் லேப்டாப்ப மடியில வச்சு குனிஞ்சு உக்காந்தா போச்சு, பிடரியிலேர்ந்து தோள்பட்டை வரைக்கும் கயிறு மாதிரி முறுக்கிக்கும். தலை மட்டுமே கிட்டத்தட்ட 5 கிலோங்க, அத முன்னாடி தொங்கவிட்டா பின்கழுத்துச் சதைதான நாள் பூரா இழுத்துப் பிடிக்கணும், பின்ன வலிக்காதா.

இதோ, டென்னிஸ் பால். அப்பாவோட ஒத்த சாக்ஸுக்குள்ள போட்டு முடிச்சு போட்டிருக்கேன், இல்லன்னா நழுவி கட்டிலுக்கு அடியில ஓடிடும். சாக்ஸ் நுனிய தோளுக்கு மேல பிடிச்சுக்கிட்டு பால முதுகுக்கும் செவுத்துக்கும் நடுவுல வச்சு மெதுவா சாயணும், எந்த இடத்துல "ஆங்... அதேதான்"னு வருதோ அங்க நின்னு ஒரு 30 செகண்ட், மூச்ச அடக்காம. முதுகெலும்பு மேல வேணாம், பக்கத்துல இருக்கற சதை மேல மட்டும். மொதல்ல நான் கார்க் பால்ல ட்ரை பண்ணேன், நல்லா வலிச்சாதான் நல்லா விடும்னு ஒரு நெனப்பு, மறுநாள் கன்னிப்போய் துணி பட்டாலே கத்துனேன்.

கெண்டைக்காலுக்கு சப்பாத்திக் கட்டை, சிரிக்காதீங்க. லேசா நல்லெண்ணெய் தடவி கணுக்கால்லேர்ந்து முட்டி பக்கமா உருட்டுவேன். அம்மா "உனக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்க"ன்னுட்டாங்க, நியாயம்தான். ஆனா ஒரு கால் மட்டும் வீங்கி செவந்து சூடா இருந்தா கட்டையும் வேணாம் எண்ணெயும் வேணாம், உடனே டாக்டர்கிட்ட போங்க, ரத்தம் கட்டியா உறைஞ்சிருக்கலாம், தேய்க்கவே கூடாது. கை மரத்துப்போனாலும் அப்படித்தான், செவுத்துல சாஞ்சா சரியாகாது.

அப்புறம் ஒத்தடம். பழைய பிடிப்புக்கு ஹாட் வாட்டர் பேக், துண்டு சுத்தி 15 நிமிஷம். புதுசா சுளுக்கி வீங்கியிருந்தா ஐஸ், அதுவும் துணியில சுத்தி, அன்னைக்கே பிடிச்சு உருவிடாதீங்க.

ஐயோ அலாரம் அடிக்குது பாருங்க, அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிக்கறதுக்கு வச்சது, மேல சொன்ன எல்லாத்தையும் விட எனக்கு இதுதான் வேலை செஞ்சுது. மொட்டமாடி வரைக்கும் நடந்துட்டு வரேன், பை.